பகைவனின் நாணயம்

நாணயம் என்னும் சொல்லுக்குக் காசு என்பது ஒரு பொருள். நேர்மை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் எங்ஙனம் இணைகின்றன என்பதை நெடுந்தொலைவு பிரிந்த இரு நிலப்பகுதிகளின் காசுகளில் காண்போம்.

கி.பி. 994-இல் டென்மார்க்கின் சுவெய்னும் நார்வேயின் ஒலாவும் இங்கிலாந்தைத் தாக்கினர். மன்னன் எத்தெல்ரெட் 16,000 பவுண்டு வெள்ளி தந்து அமைதியை விலைக்கு வாங்கினான். அதையடுத்து அவ்விருவரும் தம் பெயர் பொறித்த வெள்ளிக்காசுகளை வெளியிட்டனர். அவற்றின் வடிவமோ எத்தெல்ரெட்டுடையது! முன்புறம் மன்னனின் பக்கவாட்டு முகம், பின்புறம் சிலுவை, அதன் நான்கு மூலைகளிலும் சிலுவையைக் குறிக்கும் 'குருக்ஸ்' என்ற இலத்தீன் சொல்லின் நான்கு எழுத்துகள்.

அதே காலத்தில் நம் இராசராசன் ஈழத்தின் வடபகுதியை வென்றான். அவன் காசில் ஒருபுறம் நிற்கும் உருவம். மறுபுறம் அமர்ந்த உருவம். அருகே நாகரி எழுத்தில் அவன் பெயர். 1070-இல் முதலாம் விசயபாகு சோழரை அங்கிருந்து விரட்டினான். ஆயினும் அவனும், பின்வந்த பராக்கிரமபாகுவும் சோழக் காசின் வடிவத்தைக் கைவிட்டாரில்லை. பெயரை மட்டுமே மாற்றினர்.

போர்க்களத்தில் பகைத்தவனைக் காசில் ஏன் பின்பற்றினர்? கண்ணும் கையும் பழகிய காசையே சந்தை தயக்கமின்றி ஏற்கும் என்பதை அம்மன்னர்கள் உணர்ந்திருந்தனர் எனலாம். பெயரை ஒரே நாளில் ஆணையிட்டுப் பொறிக்கலாம். நம்பிக்கையோ எளிய மக்களின் கைகளில் பல்லாண்டு புழங்கியே விளைகிறது. நேர்மைக்கும் காசுக்கும் நம் மொழியில் ஒரே பெயர் வழங்குவது எத்துணைப் பொருத்தம்!