பலாங்கொடைக் கறுப்புக் கல்

கொழுந்து நிறுக்கும் தராசில் சந்தேகம் வந்தால், நிறை தெரிந்த படிக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்க்கச் சொல்வோம். றொசல்லையில் வளர்ந்த எனக்கு இது சின்ன வயதிலேயே தெரிந்த நியாயம். றாத்தல் குறைந்தால் அரைப்பேர் அல்லவா!

விஞ்ஞானிகளின் தராசுக்கும் இதே நியாயந்தான். இத்தாலியில் கிரான் சாசோ மலைக்கு அடியில், திரவமாக்கிய செனன் வாயுவைத் தொன் கணக்கில் நிரப்பி, பிரபஞ்சத்தின் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளைத் தேடி வருகிறார்கள். துணிக்கையொன்று செனன் அணுவில் மோதினால் மெல்லிய ஒளி தோன்றும். எவ்வளவு ஒளிக்கு எவ்வளவு சக்தி? இயல்பு தெரிந்த கதிரை விட்டுப் பார்த்தால்தான் சொல்லலாம். ஆனால் கதிர்ப்பொருளை வெளியே வைத்தால், தண்ணீரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அடர்ந்த அந்தத் திரவம் கதிரை ஓரத்திலேயே விழுங்கிவிடுகிறது. ஆகவே றேடன்-220 வாயுவைத் திரவத்தோடேயே கலந்தார்கள். அது ஒரு நிமிடத்துக்குள் பாதியாகிவிடும். அதன் வழிவந்த ஈயம்-212 பாதியாக 10.6 மணித்தியாலம். சில நாட்களில் எல்லாம் அடங்கி, செனன் பழையபடி சுத்தமாகிவிடும். செனன்-100 என்ற கருவியில் இதைச் செய்து பார்த்த பெறுபேறுகள் 2017 இல் வெளியாயின.

இந்த றேடனைத் தருவது தோரியம்-228. நேயர்களே, அதன் பிறப்புக் கதையிலே நமது நாடு வருகிறது.

சிவனொளிபாத மலைத்தொடருக்கு அப்பால் சப்ரகமுவ. அங்கே பலாங்கொடைப் பக்கத்துச் சரளையில் கறுப்பான, மிகவும் பாரமான சிறு கற்கள் கிடைத்தன. அப்போது இலங்கைக் கனிம ஆய்வுப் பகுதியின் பணிப்பாளர் ஆனந்த குமாரசுவாமி. ஆம், பின்னாளில் சிவ நடனத்தின் தத்துவத்தை உலகுக்கு எழுதிய அதே கலாயோகிதான்! அவரைக் கலையோடு மட்டும் நிறுத்திவிட்டோம் என்பது என் குறை. கல் லண்டனுக்குப் போனது. புதிய கனிமம் என்று கண்ட டன்ஸ்டன், 1904 இல் 'தோரியனைற்' என்று பெயரிட்டார்.

லண்டன் யூனிவர்சிற்றிக் கல்லூரியில் அப்போது இரசாயனப் பேராசிரியர் சேர் வில்லியம் ராம்சே. 1898 இல் டிராவர்சுடன் சேர்ந்து செனனைக் கண்டுபிடித்தவர் அவரே. தொழிற்சாலை வேலைக்காக ஆங்கிலம் பழக வந்திருந்த ஒட்டோ ஹான் என்ற ஜெர்மன் இளைஞரிடம், இலங்கைக் கல்லிலிருந்து பெற்ற பேரியம் உப்பைக் கொடுத்து, றேடியத்தைப் பிரிக்கச் சொன்னார். றேடியத்தோடு வேறொன்றும் ஒளிந்திருந்தது. 1905 இல் ஹான் அதற்கு 'ரேடியோதோரியம்' என்று பெயர் வைத்தார். இன்றைய தோரியம்-228 அதுதான். தொழிற்சாலை எண்ணத்தைக் கைவிட்டு, அவ்வாண்டே மொன்றியலுக்கு ரதர்போர்டிடம் புறப்பட்டார்.

ராம்சேயின் ஆய்வுகூடத்தில் ஏழாண்டு இடைவெளியில் அறிமுகமான செனனும் ரேடியோதோரியமும், நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, இத்தாலிய மலையொன்றின் அடியில் ஒன்றையொன்று சந்தித்தன.