பத்துமலை வௌவால் எச்சத்தில் ஒரு புல்வெளி: பினாங்கு தீவாக இல்லாத காலத்தில் இங்கே மேய்ந்தது யார்?

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறியிருப்பீங்க. படியில் நின்று மூச்சு வாங்கும்போது திரும்பிப் பார்த்தால் ஒரு பக்கம் ஜார்ஜ்டவுன், மறுபக்கம் காடு. அந்தக் காடு என்றைக்குமே அங்கேதான் இருந்தது என்று தோணும். 13 கோடி ஆண்டுப் பழமையான மழைக்காடு என்று நம் நாட்டுச் சுற்றுலா விளம்பரங்களும் அப்படித்தான் நம்மைப் பழக்கி வைத்திருக்கின்றன.

கொஞ்சம் பின்னே போய்ப் பார்ப்போம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. பட்டர்வொர்த் போக ஃபெரி வேண்டாம், பாலம் வேண்டாம், நடந்தே போகலாம். பினாங்கு அப்போது தீவு அல்ல. சமவெளியின் நடுவே நின்ற ஒரு மலை. மலாயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலம். சுண்டாலாந்து என்று அதற்குப் பெயர்.

அந்த நிலத்தில் என்ன முளைத்திருந்தது? பதிலில் ஒரு பகுதி, நமக்கு நன்றாகத் தெரிந்த பத்துமலையிலேயே கிடைத்தது.

வௌவால் எச்சம் எப்படிச் சாட்சி சொல்லும்?

செடிகள் காற்றிலிருந்து கார்பனை எடுப்பதில் முக்கியமாக இரண்டு முறைகள் உண்டு. காட்டு மரங்கள், நெல், மூங்கில் ஒரு வகை. இதை சி-3 என்பார்கள். லாலாங், அருகம்புல், கரும்பு இன்னொரு வகை, சி-4. வெயிலும் வறட்சியும் கூடிய திறந்த வெளிக்கு இரண்டாவது வகை தோதானது. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு நம் முன்னோரைக் கப்பலேற்றி அழைத்து வந்ததும் இந்த சி-4 புல் ஒன்றுதான், நினைத்துப் பார்த்தால் வேடிக்கை.

சி-4 புல்லில் கார்பன்-13 என்ற சற்றுக் கனமான கார்பன் கூடுதலாக இருக்கும். அந்தப் புல்லைப் பூச்சி தின்னும், பூச்சியை வௌவால் தின்னும், வௌவாலின் எச்சம் குகைத் தரையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகச் சேரும். அந்த அடுக்குகளைச் சோதித்தால், வெளியே இருந்தது காடா புல்வெளியா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

2010-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் செய்தது. பனியுகத்தில் பத்துமலையைச் சுற்றி மழைக்காடு வெகுவாகச் சுருங்கி, புல் பரவியிருந்தது என்று அது காட்டியது. பிலிப்பைன்ஸின் பலவானிலும் அதே கதை. ஆனால் போர்னியோவின் வடக்கே மழைக்காடு அப்படியே நின்றிருக்கிறது. அதனால் சுண்டாலாந்து முழுக்க ஒரே புல்வெளி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வடக்கிலிருந்து தெற்குவரை தொடர்ச்சியான புல்வெளிப் பாதை இருந்ததா, இல்லை காட்டுக்கு நடுவே திட்டுத் திட்டாக இருந்ததா என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.

டைனோசர் தின்ற புல்

புல் எவ்வளவு பழையது? டைனோசர்கள் அழிந்த பிறகு வந்தது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2005-இல் வந்தனா பிரசாத் தலைமையிலான குழு, மகாராஷ்டிராவின் பிஸ்துராவில் கிடைத்த டைனோசர் சாணப் புதைபடிவங்களைப் பரிசோதித்தது. உள்ளே புல்லின் நுண்ணிய சிலிக்கா துகள்கள் இருந்தன. அதுவும் பல வகைப் புற்கள். வயது 6.5 கோடி ஆண்டுகளுக்கும் மேல். நாசி கண்டாரில் நீங்கள் சாப்பிடும் அரிசியின் தூரத்துச் சொந்தமும் அவற்றில் ஒன்று.

ஆனால் புல் இருப்பது வேறு, புல்வெளி இருப்பது வேறு. காட்டோரத்துச் சிறு செடியாகவே கோடிக்கணக்கான ஆண்டுகளைக் கழித்தது புல். பூமி குளிர்ந்து, மழை குறைந்து, காடுகள் பின்வாங்கிய பிறகுதான் நிலத்தைப் பிடித்தது. சி-4 புற்கள் பெரிய அளவில் பரவியது அதற்கும் பிறகு, சுமார் 80 முதல் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன். இமயமலை அடிவாரத்தின் சிவாலிக் பகுதியில் கிடைத்த விலங்குப் பற்களிலேயே இந்த மாற்றம் பதிவாகியிருக்கிறது.

பல்லில் எழுதிய வரலாறு

புல்லைத் தின்பது லேசான வேலை இல்லை. சிலிக்கா பல்லைத் தேய்க்கும். திறந்த வெளியில் புல்லோடு சேர்ந்து வாய்க்குள் போகும் மண்ணும் தேய்க்கும். சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆதிக் குதிரை நாய் அளவுதான் இருந்தது. குட்டைப் பல்லால் இலை தின்றது. அதன் வாரிசுகளுக்குப் பிற்காலத்தில் தேயத் தேய மேலே வரும் உயரமான பற்கள் அமைந்தன. கால் நீண்டது, விரல்கள் குறைந்து ஒற்றைக் குளம்பானது. மாட்டின் வம்சம் வேறு வழி கண்டது: நான்கு அறை வயிறு, விழுங்கியதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடுதல்.

புல்லும் சும்மா இருக்கவில்லை. அது வளர்வது நுனியில் அல்ல, அடியில். மேலே கடித்தாலும் மறுபடி வளரும். லாலாங் வெட்டிச் சலித்துப்போன தோட்டத்துப் பாட்டிகளைக் கேட்டால் இதை இன்னும் அழகாகச் சொல்வாங்க.

குதிரையின் சொந்தக்காரர் ஒருவர் நம் காட்டிலேயே இருக்கிறார்: தெனுக் என்று மலாயில் அழைக்கப்படும் தாபிர். குதிரை, காண்டாமிருகம், தாபிர் மூன்றும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. குதிரை வெளியே வந்தது, தாபிர் காட்டிலேயே தங்கிவிட்டது. இன்றும் குட்டைப் பல்தான், இன்றும் இலையும் தளிரும்தான்.

காடு திரும்பியபோது

பேராக்கின் கோப்பேங் பகுதிச் சுண்ணாம்புக் குகை ஒன்றில் ஸ்டெகோடான் என்ற அழிந்துபோன யானை இனத்தின் பல் கிடைத்திருக்கிறது. மலேசியாவில் இதுவே முதல் முறை. தென்கிழக்காசியாவின் இந்தப் பழைய விலங்குகளுக்கு என்ன ஆனது என்று ஜூலியன் லூயிஸ், பேட்ரிக் ராபர்ட்ஸ் இருவரும் 2020-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். பற்களில் உள்ள கார்பனை வைத்து அவர்கள் சொல்வது இது: புல்வெளி விரிந்த காலத்தில் மேய்பவை செழித்தன; பிற்பாடு மழைக்காடு மூடிக்கொண்டபோது ஸ்டெகோடான்களும், இங்கிருந்த கழுதைப்புலிகளும், ஜாவாவின் ஹோமோ எரக்டஸ் மனிதர்களும் இடமில்லாமல் போனார்கள்.

நமக்கு மழைக்காடு என்றாலே உயிர்களின் புகலிடம். அவற்றுக்கு அதுவே ஆபத்தாக முடிந்தது.

தப்பியவை இரண்டையும் தின்னத் தெரிந்தவை. ஆசிய யானைக்குப் புல்லும் சரி, மரப்பட்டையும் சரி. செலாடாங் எனப்படும் காட்டெருமையும் அப்படித்தான். பகலில் காட்டுக்குள் இருந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் ஆற்றோரத்துக்கும் மரம் இல்லாத வெட்டவெளிக்கும் வந்து புல் மேய்கிறது.