கல்லிலிருந்து நாளத்துக்கு: உர்சோடியாக்சிகோலிக் அமிலம் கடந்து வந்த பாதை

பித்தப்பையில் கல் இருப்பதாக ஸ்கேனில் தெரிந்ததும் பெரும்பாலோர் மருத்துவரிடம் கேட்கும் முதல் கேள்வி, அதை மாத்திரையில் கரைக்க முடியாதா என்பதுதான். முடியும் என்று மருத்துவ உலகம் உறுதியாக நம்பிய காலம் ஒன்று உண்டு. 1970களின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த நம்பிக்கை நீடித்தது. அன்று கல் கரைக்கப் புகழ்பெற்ற உர்சோடியாக்சிகோலிக் அமிலம் இன்றும் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் அதன் முதன்மையான பணி மாறிவிட்டது. கல்லீரலுக்குள் ஓடும் நுண்ணிய பித்தநாளங்கள் அழியும் நோயை மெதுவாக்கும் மருந்தாகவே அது இப்போது மதிக்கப்படுகிறது. இந்த இடமாற்றம் எப்படி நேர்ந்தது என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது. மருந்து எங்கே பலிக்கிறது என்று காட்டிய ஆய்வுகளைப் போலவே, எங்கே பலிக்காது என்று காட்டிய ஆய்வுகளும் இந்த வரலாற்றை உருவாக்கின. இரண்டாவது வகைக்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

கரடியின் பித்தம்

கிழக்காசியாவில் கரடிப் பித்தம் பழமையான மருந்து. சீனத்தில் தாங் அரச மரபின் காலத்து மருந்து நூலிலேயே, அதாவது ஏழாம் நூற்றாண்டிலேயே, அதற்கு இடம் உண்டு. உலர்த்திய பித்தப்பையை வயிற்று வலிக்கும் மஞ்சள் காமாலைக்கும் கொடுத்தார்கள். ஜப்பானியர் அதை ‘யூதான்’ என்று அழைத்தார்கள்.

அதற்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஆய்வகத்துக்கு வந்தது. சுவீடனின் ஒலோஃப் ஹாமர்ஸ்டன் துருவக் கரடியின் பித்தநீரில் அதுவரை அறியப்படாத ஓர் அமிலத்தைக் கண்டார். ஆனால் அவரால் அதைத் தூய படிகமாகப் பிரித்தெடுக்க முடியவில்லை. 1927இல் ஒகயாமாவில் மசாதோ ஷோடா கரடிப் பித்தத்திலிருந்து அதைப் படிகமாகவே எடுத்து, கரடியைக் குறிக்கும் லத்தீன் சொல்லை முன்னொட்டாக்கிப் பெயரும் வைத்தார். பித்த அமிலங்களின் வேதியியல் அன்று ஐரோப்பாவில் உச்சத்தில் இருந்தது. ஹைன்ரிச் வீலாண்டுக்கு 1927ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது இந்தத் துறையில்தான். அவரும் அடோல்ஃப் வின்டவுஸும் 1924இல் தனித்தனியே விவரித்த கீனோடியாக்சிகோலிக் அமிலம், பின்னாளில் உர்சோவுக்குப் போட்டியாளராகவும் தாய்ப்பொருளாகவும் ஆனது.

இரண்டு அமிலங்களுக்கும் அணுக்களின் எண்ணிக்கையில் வேறுபாடே இல்லை. ஸ்டீராய்டு வளையத்தின் ஏழாவது கார்பனில் ஒட்டியுள்ள ஹைட்ராக்சில் தொகுதி கீனோவில் ஒரு பக்கமும் உர்சோவில் எதிர்ப்பக்கமும் நிற்கிறது, அவ்வளவுதான். இந்தச் சிறு திருப்பத்தால் உர்சோ நீரோடு அதிகம் இணங்குகிறது. செல்களின் சவ்வை அது அரிப்பதில்லை. கரடியின் பித்தத்தில் மிகுந்திருக்கும் இந்த அமிலம் மனிதப் பித்தத்தில் மிகக் குறைவு. குடல் பாக்டீரியாக்கள் கீனோவை மாற்றுவதால் உண்டாகும் சிறு பங்கு மட்டுமே நம்மிடம் உள்ளது.

1950களில் ஜப்பானில் மாட்டுப் பித்தத்தின் கோலிக் அமிலத்திலிருந்து உர்சோவைத் தயாரிக்கும் வழி கிடைத்தது. டோக்கியோ தனாபே நிறுவனம் அதைக் கல்லீரலுக்கு வலுவூட்டும் மருந்தாக, மிகக் குறைந்த அளவு மாத்திரையாக விற்கத் தொடங்கியது. அப்போது அதன் பயனுக்கு முறையான சான்று எதுவும் இல்லை. பழைய கரடிப் பித்தத்தின் பெயரே அதற்குச் சந்தையைத் தந்தது என்று கொள்ளலாம்.

இந்தத் தயாரிப்பு முறையை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1980களில் வடகொரியாவிலும் பிறகு சீனத்திலும் வியட்நாமிலும் கரடிப் பண்ணைகள் பெருகின. உயிருள்ள கரடியின் வயிற்றில் துளையிட்டு ஆண்டுக்கணக்கில் பித்தம் வடிக்கும் கொடுமை அங்கே தொழிலானது. ஆசியக் கருங்கரடி 1979லேயே சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டு, அதன் பன்னாட்டு வணிகம் தடை செய்யப்பட்டிருந்தது. அந்தப் பண்ணைகள் தோன்றுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, இறைச்சிக்கூடத்தில் வீணாகும் மாட்டுப் பித்தத்திலிருந்து அதே மூலக்கூறு கிடைத்துவிட்டது. அந்த வதைக்கு மருத்துவக் காரணம் ஒருபோதும் இருந்ததில்லை.

கல் ஏன் உருவாகிறது?

பித்தக்கல்லின் முக்கியப் பொருள் கொலஸ்ட்ரால் என்பது பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே தெரியும். உண்மையில் கொலஸ்ட்ரால் முதலில் கண்டறியப்பட்டதே பித்தக்கல்லில்தான். ஆனால் நீரில் கரையாத அந்தப் பொருள் பித்தநீரில் எப்படிக் கரைந்து நிற்கிறது, எப்போது படிகிறது என்பதற்கு 1968 வரை தெளிவான விடை இல்லை. அந்த ஆண்டு பாஸ்டனில் அட்மிராண்ட், டொனால்ட் ஸ்மால் இருவரும் பித்த அமிலம், லெசித்தின், கொலஸ்ட்ரால் ஆகிய மூன்றின் விகிதத்தை ஒரு முக்கோண வரைபடத்தில் குறித்தார்கள். முதலிரண்டும் போதிய அளவில் இருந்தால் கொலஸ்ட்ரால் அவற்றோடு சேர்ந்து கரைந்தே இருக்கும். எல்லை தாண்டினால் படிகமாகும். கல்லைக் கரைப்பது அதன் பிறகு ஒரு கணக்காக மாறியது. பித்தநீரின் விகிதத்தை மீண்டும் எல்லைக்குள் கொண்டுவந்தால் போதும்.

பித்த உப்புகளைத் தொடர்ந்து கொடுத்ததால் எக்ஸ்ரேயில் கல்லின் நிழல் மறைந்தது என்று அமெரிக்காவில் ரெவ்பிரிட்ஜ் 1937லேயே எழுதியிருந்தார். காரணம் விளங்காத கவனிப்பாக அது முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. பிறகு மேயோ கிளினிக்கில் திசில், ஷோன்ஃபீல்ட் ஆகியோர் பித்தக்கல் உள்ளவர்களுக்கு வெவ்வேறு பித்த அமிலங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். கோலிக் அமிலத்தால் பித்தநீரின் தன்மை மாறவில்லை, கீனோவால் மாறியது. 1972இல் டான்சிங்கர், ஹாஃப்மன், ஷோன்ஃபீல்ட், திசில் எழுதிய கட்டுரை கீனோவால் கற்கள் சிறுத்ததையும் மறைந்ததையும் அறிவித்தது. அதே ஆண்டில் லண்டனில் டவுலிங் குழுவும் இதே திசையில் முடிவுகளை வெளியிட்டது. கார்ல் லாங்கன்புக் 1882இல் பெர்லினில் முதன்முதலாகப் பித்தப்பையை வெட்டி எடுத்த பிறகு தொண்ணூறு ஆண்டுகளாகக் கத்தியை மட்டுமே நம்பியிருந்த மருத்துவத்துக்கு இது பெரிய செய்தி.

அந்த உற்சாகத்தை அளந்து பார்த்தது அமெரிக்காவின் தேசியக் கூட்டுப் பித்தக்கல் ஆய்வு. 916 பேர், இரண்டு ஆண்டுகள், இரண்டு மருந்தளவுகள், ஒப்பீட்டுக்கு மருந்துப்போலி. 1981இல் முடிவு வந்தது. நாளுக்கு 750 மில்லிகிராம் எடுத்தவர்களில் 13.5 விழுக்காட்டினருக்கே கல் முழுவதும் கரைந்தது. பாதி அளவு எடுத்தவர்களில் 5.2, மருந்துப்போலி எடுத்தவர்களில் 0.8 விழுக்காடு. கூடவே வயிற்றுப்போக்கு, ரத்தத்தில் கொலஸ்ட்ரால் உயர்வு, உயர் அளவு எடுத்தவர்களில் சுமார் 3 விழுக்காட்டினருக்குக் குறிப்பிடத்தக்க கல்லீரல் பாதிப்பு. பெரும் பொருட்செலவில் நடந்த ஆய்வு ஒன்று இவ்வளவு எளிய விடையை மறைக்காமல் சொன்னது போற்றத்தக்கது.

இதற்கிடையில் ஜப்பானில் மகினோவும் உடனாய்வாளர்களும் 1975இல் உர்சோவும் கொலஸ்ட்ரால் கல்லைக் கரைக்கிறது என்று காட்டியிருந்தார்கள். கீனோவின் தொல்லைகள் இதில் அநேகமாக இல்லை: வயிற்றுப்போக்கு குறைவு, கல்லீரல் நொதிகள் ஏறுவதில்லை. ஏழாவது கார்பனில் இருந்த அந்தத் திருப்பத்தின் பயன் முதன்முதலாக நோயாளிகளிடம் தெரிந்தது அப்போதுதான். அமெரிக்க அரசின் ஒப்புதல் 1987 இறுதியில் உர்சோவுக்குக் கிடைத்தது.

யாருக்குக் கரையும்?

கல் கொலஸ்ட்ராலால் ஆனதாகவும், எக்ஸ்ரேயில் நிழல் விழாததாகவும், ஒன்றரை சென்டிமீட்டருக்கு உட்பட்டதாகவும் இருக்க வேண்டும். பித்தப்பை சுருங்கி விரியும் நிலையில், அதன் வாய் அடைபடாமல் இருக்க வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 8 முதல் 10 மில்லிகிராம் வீதம் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை மாத்திரை எடுக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும், கரைந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுகளில் கல் மீண்டும் வந்துவிடுகிறது. கல்லை வளர்த்த பை உள்ளேயே இருக்கிறதே!

தமிழகத்து வாசகர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வட இந்தியாவில் கொலஸ்ட்ரால் கற்கள் மிகுதி. தென்னிந்தியாவிலோ நிறமிக் கற்களின் பங்கு கூடுதல் என்று இந்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. நிறமிக் கல் பிலிரூபினின் கால்சிய உப்பால் ஆனது. உர்சோ அதைத் தொடவே தொடாது. எனவே உறவினர் ஒருவருக்குப் பலித்தது என்று அதே மாத்திரையை வாங்கி விழுங்குவதில் பொருளில்லை.

கல் கரைப்பின் காலத்தை முடித்துவைத்தது அறுவை சிகிச்சையின் முன்னேற்றம். 1985இல் ஜெர்மனியில் எரிக் மூகேயும், 1987இல் லியோனில் ஃபிலிப் மூரேயும் சிறு துளைகள் வழியே பித்தப்பையை எடுத்துக் காட்டினார்கள். ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். கல் மீண்டும் வளரப் பையும் இல்லை. அதிர்வலையால் கல்லை உடைத்து உர்சோவால் கரைக்கும் மியூனிக் முறைகூட இதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. உர்சோவுக்குக் கல் தொடர்பாக எஞ்சிய உறுதியான பணி தடுப்புதான். உடல் பருமனுக்கு இரைப்பை அறுவை செய்துகொண்டவர்கள் வேகமாக இளைக்கும்போது கல் உருவாவது வழக்கம். 1995இல் வெளியான சூகர்மன் ஆய்வில் மருந்துப்போலி எடுத்தவர்களில் 32 விழுக்காட்டினருக்குக் கல் வந்தது. நாளுக்கு 600 மில்லிகிராம் உர்சோ எடுத்தவர்களில் 2 விழுக்காட்டினருக்கு மட்டுமே வந்தது.

பித்தநாளம்

திருப்பம் ஃபிராங்க்ஃபர்ட்டில் தொடங்கியது. நாள்பட்ட கல்லீரல் அழற்சி உள்ள பித்தக்கல் நோயாளிகளுக்கு உர்சோ கொடுத்த உல்ரிச் லாய்ஷ்னர் குழு, அவர்களுடைய கல்லீரல் நொதிகளின் அளவு இறங்கியதை 1985இல் பதிவு செய்தது. தேடியது ஒன்று, கிடைத்தது இன்னொன்று.

பாரிஸில் ராவுல் பூப்போன் இதை ஒரு கருதுகோளாகவே எடுத்துக்கொண்டார். முதன்மைப் பித்தநாள நோயில் உடலின் எதிர்ப்பாற்றல், கல்லீரலுக்குள் உள்ள சிறு பித்தநாளங்களைத் தாக்குகிறது. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் நடுவயதுப் பெண்கள். தீராத அரிப்பும் களைப்பும் முதல் அறிகுறிகள். வெளியேற வழியற்ற பித்தம் தேங்கி, ஆண்டுகள் செல்லச் செல்லக் கல்லீரல் இறுகிவிடும். தேங்கிய பித்த அமிலங்களே செல்களை அரிக்கின்றன என்றால், அரிக்காத அமிலம் ஒன்றை நிறையக் கொடுத்து விகிதத்தை மாற்றினால் என்ன? 1987இல் 15 நோயாளிகளிடம் இரண்டு ஆண்டுகள் கண்டதை லான்செட் இதழில் வெளியிட்டார். அந்தக் கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்வி. 1991இல் 146 பேரிடம் மருந்துப்போலியோடு ஒப்பிட்டு, கிலோவுக்கு 13 முதல் 15 மில்லிகிராம் அளவில் நோயின் போக்கு மட்டுப்படுவதைக் காட்டினார். அமெரிக்க ஒப்புதல் 1997இல் வந்தது.

எல்லோரும் உடனே ஏற்கவில்லை. 1999இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு உயிர்காப்பில் பயன் தெரியவில்லை என்றது. நோய் மெதுவாக நகர்வது. ஆய்வுகளோ இரண்டு, மூன்று ஆண்டுகளில் முடிபவை. பல நாடுகளின் 3902 நோயாளிகளைப் பின்தொடர்ந்த தரவு 2019இல் வந்தபோதுதான், உர்சோ எடுத்தவர்கள் கல்லீரல் மாற்று அறுவையின்றி அதிக காலம் வாழ்கிறார்கள் என்பது வலுப்பெற்றது. இடையில் 2015இல் நோயின் பெயரிலிருந்தே ‘சிரோசிஸ்’ நீக்கப்பட்டது. மருந்து எடுக்கும் பலர் அந்தக் கட்டத்தை அடைவதே இல்லை. அச்சமூட்டும் அந்தப் பெயரை அவர்கள் சுமக்க வேண்டியதில்லை.

அருகிலுள்ள நோய்களில் அதே பலன் கிடைக்கவில்லை. பெரிய பித்தநாளங்கள் தழும்பேறிச் சுருங்கும் முதன்மைத் தழும்பு நாள அழற்சியில் உர்சோ நோயின் முடிவை மாற்றவில்லை என்று லிண்டர் 1997இல் காட்டினார். அளவைக் கூட்டினால் பலிக்கலாம் என்று கிலோவுக்கு 28 முதல் 30 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. 2009இல் வெளியான அதன் முடிவில், ரத்த நொதிகள் அழகாக இறங்கியிருந்தும், மருந்து எடுத்தவர்களிடமே கெட்ட விளைவுகள் கூடியிருந்தன. ஆய்வகச் சீட்டில் எண் இறங்குவதும் நோயாளி நலமடைவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. கர்ப்பகாலப் பித்தத் தேக்கத்தில் 605 பெண்களிடம் பிரிட்டனில் நடந்து 2019இல் வெளியான ஆய்வும், குழந்தைக்கு நேரும் தீங்கை உர்சோ குறைக்கவில்லை என்றே சொன்னது.

முதன்மைப் பித்தநாள நோயிலும் எல்லோருக்கும் உர்சோ போதுவதில்லை. அது போதாதவர்களுக்காக, கீனோவின் மூலக்கூறில் ஓர் எத்தில் தொகுதியைச் சேர்த்து இத்தாலியின் பெருஜியாவில் ரொபெர்டோ பெல்லிச்சியாரி குழு உருவாக்கிய ஒபெடிகோலிக் அமிலம் 2016இல் அமெரிக்காவில் விரைவு ஒப்புதல் பெற்றது. பயன் உறுதிப்படாமலும், முற்றிய கல்லீரல் நோயில் தீங்கு தெரிந்தும், ஐரோப்பா தான் வழங்கிய ஒப்புதலை 2024இல் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் எலாஃபிபிரனோர், செலாடெல்பார் என்ற இரு மருந்துகள் அமெரிக்காவில் அந்த இடத்துக்கு வந்தன. இவை உர்சோவோடு சேர்த்தோ, அதைத் தாங்க முடியாதவர்களுக்குத் தனியாகவோ கொடுக்கப்படுகின்றன.

கல் கரைப்பில் தோற்று ஒதுங்கிய கீனோவுக்கும் ஓர் இடம் கிடைத்தது. அந்த அமிலத்தைத் தாமாக உற்பத்தி செய்ய முடியாத மரபுக் குறையோடு பிறப்பவர்கள் சிலர் உண்டு. கொலஸ்டனால் என்ற கொழுப்பு அவர்களின் தசைநாணிலும் கண்வில்லையிலும் மூளையிலும் படிந்துகொண்டே போகும். கீனோவை மாத்திரையாகக் கொடுத்தால் அந்தப் படிவு அடங்குகிறது என்று பெர்ஜினரும் சாலனும் 1984இல் எழுதினார்கள். அந்த அரிய நோய்க்கான மருந்தாக அமெரிக்க அரசு அதற்கு முறையான ஒப்புதல் வழங்கியது 2025 பிப்ரவரியில்.