புறத்தே நின்ற தொண்டர்

கோயில்களிற் புராணபடனம் நடக்கையில், ஒருவர் வாசிக்க மற்றொருவர் பயன் சொல்ல, திருநாளைப்போவார் கதையைக் கேட்டு வளர்ந்தவர் நம்மிற் பலர். மிஷன் பாடசாலையிற் பயின்ற நாம் பகலிலே நல்ல சமாரியன் கதையைப் படித்துவிட்டு, மாலையிலே பாட்டியாருடன் நந்தனார் கதை கேட்கச் சென்றதுண்டு. ஊரார் ஒதுக்கிவைத்த ஒருவரைப் புலவர்கள் எத்தகைய சொற்களாற் காட்டினார்கள் என்பதை ஆராயும் விருப்பம் நமக்கு அங்கேதான் உண்டாயிற்று.

சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையிலே பெயரை மட்டுமே தந்தார். அடுத்து வந்த நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டுப் பாடினார். அதிலே தொண்டர் என்னும் சொல்லுக்கு முன் ‘புற’ என்றோர் அடையைச் சேர்த்தார். அந்தச் சிறு சொல்லிலே சேரியும் மதிலும் அடங்கிவிட்டன.

12ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் அதனை 37 பாடல்களாக விரித்தார். நாயனாரைக் காட்டுமுன் அவர் ஆதனூர்ப் புலைப்பாடிக்குள் நம்மை அழைத்துச் செல்கிறார். பழங்கூரை வேய்ந்த குடில்கள். மருத மரநிழலிலே தோலின்மேற் குழந்தையை உறங்க வைக்கும் உழத்தி. புதைத்த பானையிலே ஒடுங்கும் பெட்டைக்கோழி. மாமரக் கிளைகளிலே தொங்கும் பறைகள். அருவருப்பு இல்லை, இரக்கப் பேச்சும் இல்லை. உள்ளே சென்று பார்த்தவர் கண்ணுக்கே இவை புலப்படும். நம் காப்பியங்களிலே இதற்கு நிகரான சேரிக் காட்சி அரிது என்றே கருதுகிறோம்.

ஆயினும் அந்தச் சேரியிலிருந்து நாயனார் வாய்திறந்து நெடிது பேசக் காணோம். கோயிற் பேரிகைக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுக்கிறார். ஊரார் விட்ட பறைத்துடவை நிலமே அவர் சீவனம். அவரைத் தடுக்கும் எசமான் எவருமில்லை. தம் பிறப்பே தடையென எண்ணித் தில்லைக்கு ‘நாளை போவேன்’ என்று நாட்களைக் கழிக்கிறார். தடை அவர் மனத்தினுள் வைக்கப்பட்டிருக்கிறது.

நிற்க. 19ஆம் நூற்றாண்டிலே கோபாலகிருஷ்ண பாரதியார் இதே கதையைக் கீர்த்தனையாகப் பாடினார். ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவிலே அடிமைமுறைக்கு எதிரான சட்டம் பிறந்தது 1843இல். அதன் பின்னும் தஞ்சை வயல்களிலே பண்ணையாள் முறை நிலைத்திருந்தது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952இல் அன்றோ! அந்த வயலைக் கண்ணாரக் கண்ட பாரதியார், பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரைப் படைத்து, நந்தனை அவர் பண்ணையாள் ஆக்கினார். இப்போது ‘நாளை’ என்னும் சொல் மாறிவிடுகிறது. அது தொண்டரின் தயக்கம் அன்று. எசமான் உத்தரவு கொடாமையால் வந்த தாமதம். நந்தன் கெஞ்சுகிறான், வாதாடுகிறான், வீதியிலே பேசும் தமிழில் மன்றாடுகிறான்.

அந்தத் தமிழே வித்துவான்களுக்கு இடராயிற்று. பாரதியார் சிறப்புப்பாயிரம் வேண்டியபோது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இலக்கண வழுக்களைக் கண்டு கொடுக்கத் தயங்கினார் என்றும், பின்னர் பாரதியார் பாடக் கேட்டு மனமுருகிப் பாயிரம் அளித்தார் என்றும் உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். வழுவில்லாத தமிழில் நந்தன் கெஞ்சியிருந்தால் யார் நம்பியிருப்பர்?

நம் யாழ்ப்பாணத்திலே ஆறுமுகநாவலர் பெரியபுராணத்தை 1852இல் வசனமாக அச்சிட்டார். புராணத்தை அறியாதவர் நாம் என்று எவரும் சொல்ல முடியாது. எனினும், சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் நிறைவேறியும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே உள்ளே செல்ல வேண்டி நின்ற மக்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. அன்று அவ்வாயிலின் இரு புறத்திலும் நந்தனார் கதையைக் கேட்டறிந்தவர்கள் இருந்திருப்பார்கள்.

ஒன்றை மட்டும் சேக்கிழாரும் மாற்றவில்லை, பாரதியாரும் மாற்றவில்லை. இருவர் பாட்டிலும் தீயில் மூழ்கிய பின்னரே தில்லைக் கோயில் அவருக்குத் திறக்கிறது. சேக்கிழார் பாட்டிலே அவர் முப்புரிநூல் அணிந்த முனிவராய் எழுகிறார், தில்லைவாழந்தணர் கைகூப்புகின்றனர். கோபுரத்தைத் தொழுது உள்ளே செல்கிறார். அப்புறம் அவரை எவரும் காணவில்லை. அங்கே அவர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை.