தேங்கிய ரத்தம் என்றொரு கதை

வெரிகோஸ் வெயின் என்றால் முழங்காலுக்குக் கீழே புடைத்துச் சுருண்ட பச்சைக் கோடுகள்தான் நம் ஞாபகத்துக்கு வரும். ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்பார்கள். அது நரம்பல்ல, சிரை. ஆனால் ஆளை முடக்குவது அந்தப் புடைப்பைவிட, கணுக்காலின் உட்பக்கத் தோல் கறுத்து, இறுகி, ஒருநாள் சின்னதாக உரிந்து, பிறகு மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும் புண்தான். இது ஏன் வருகிறது என்ற கேள்வியின் வரலாற்றைப் படிக்கப்போய், ஒரு பிழையான விளக்கத்துக்கு எவ்வளவு ஆயுசு கெட்டி என்று பார்த்தேன்.

சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகளை 1603-இல் படம் போட்டு விளக்கியவர் பதுவா நகரத்தின் ஃபாப்ரீசியஸ். ரத்தம் மொத்தமாகக் காலுக்கு இறங்கிவிடாமல் தடுக்கும் மதகுகள் என்று அவர் நினைத்தார். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி, அவை ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் ஒருவழிக் கதவுகள் என்று 1628-இல் காட்டினார். அசையாமல் நிற்கும்போது கணுக்காலில் சிரை அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரசம். நடந்தால் கெண்டைக்கால் தசை ரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளும், அழுத்தம் மளமளவென்று இறங்கும். வால்வு கெட்டவர்களுக்கு நடந்தாலும் சரியாக இறங்காது.

1917-இல் பாஸ்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹோமன்ஸ் சொன்ன காரணம் இது: ரத்தம் தேங்குகிறது, அதில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, தோல் பட்டினியில் சாகிறது. குட்டையில் நின்ற தண்ணீர் நாறும் என்று தெரிந்த யாருக்கும் இது சட்டென்று புரிந்துவிடும். சிக்கலே அதுதான். 1929-இல் ஆல்ஃபிரட் பிளாலாக் அந்தச் சிரைகளின் ரத்தத்தை எடுத்து அளந்தே பார்த்தார். ஆக்சிஜன் குறையவில்லை, கூடுதலாகவே இருந்தது. கதை அன்றே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ‘தேக்கப் புண்’ என்ற பெயர் இன்றும் மருத்துவ நூல்களில் உலவுகிறது.

பார்வை பெரிய சிரையிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய தந்துகிக்கு இறங்கியபோதுதான் விஷயம் நகர்ந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால், ஆரோக்கியமான தோலின் தந்துகிகள் கொண்டை ஊசி மாதிரி வளைந்திருக்கும். நோயுற்ற தோலில் அவை சிக்குண்ட நூல்கண்டு, எண்ணிக்கையும் குறைவு. அழுத்தம் தாங்காமல் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் வெளியே கசிந்து, தந்துகியைச் சுற்றி உறையாக உறைகிறது, அந்த உறை ஆக்சிஜனைத் தடுக்கிறது என்று 1982-இல் லண்டனில் பிரௌஸும் பர்னண்டும் எழுதினார்கள். உறை இருந்தது உண்மை. அது ஆக்சிஜனை அவ்வளவாகத் தடுக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. 1988-இல் கோலரிட்ஜ் ஸ்மித் குழு வெள்ளணுக்களைக் கைகாட்டியது: அவை தந்துகிகளில் சிக்கி, கிளர்ந்து, சுற்றியுள்ள திசுவைச் சிதைக்கின்றன. பட்டினி அல்ல, அழற்சி.

தோல் ஏன் கறுக்கிறது? கசிந்த சிவப்பணுக்கள் சிதைந்து விட்டுப்போகும் இரும்பு அது. ஒரு துணிக்கடையில் இருபது வருஷம் நின்றே வேலை பார்த்த என் சித்தி, ‘கால்ல இரும்பக் கட்டின மாதிரி இருக்குடி’ என்பாள். உவமை என்றுதான் எல்லாரும் கேட்டுக்கொண்டோம்.

விளக்கங்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் வைத்தியம் பெரிதாக மாறவில்லை. காலில் புண் இருந்தால் நிற்காதே என்று ஹிப்போகிரட்டஸ் பெயரால் வழங்கும் நூலே சொல்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹாம்பர்க்கின் பால் உன்னா துத்தநாகப் பசை தடவிய கட்டைக் கொடுத்தார். அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இறுக்கிக் கட்டு, காலை உயர்த்தி வை, நட.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-இல் சட்டம் செய்தது, தமிழ்நாடு 2021-இல். நாற்காலி மட்டும் போதாது, தொங்கவிட்ட காலிலும் வெள்ளணு சிக்கும். அவ்வப்போது நடக்கவும் விட வேண்டும். ஆனாலும், நிற்பது உடம்பை என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்க மருத்துவம் எடுத்துக்கொண்ட காலத்தைவிட, அது தெரிந்த பிறகும் ஒரு ஸ்டூல் போட முதலாளிகள் எடுத்துக்கொண்ட காலம்தான் எனக்கு உறுத்துகிறது.