ஆங்கில இலக்கியத்தில் நெட் தேர்வு: நம் பிள்ளைகள் தயாராவது எப்படி?

"மகள் எம்.ஏ. இங்கிலீஷ் முடிச்சிட்டா, ஹஜ்ரத். அடுத்து என்ன பண்ணலாம்?" ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நிற்கும்போது பெற்றோர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நம் முன்னோர் நிறுவிய கல்லூரிகள் உள்ள ஊர்களில் ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, இன்று குறைவில்லை. ஆனால் கல்லூரி ஆசிரியராக விரும்புகிறவர் கடக்க வேண்டிய நெட் தேர்வைப் பற்றி வீட்டில் பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. படிக்கிற பிள்ளைக்கே கடைசிப் பருவத்தில்தான் தெரியவருகிறது.

நாம் மதரஸாவில் ஓதி, பிறகு தபால் வழியில் பி.ஏ. முடித்தவர்கள். நெட் எழுதியதில்லை. ஆனால் நம் தங்கை மகள் இந்தத் தேர்வுக்குப் படித்தபோது அவளுடைய நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு இரவில் கேள்வி கேட்டிருக்கிறோம். மூன்று முறை தேர்வு மையத்தின் கேட் வரை துணையாகப் போயிருக்கிறோம். அந்த அனுபவத்தோடு, பெற்றோர்களும் மாணவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தருகிறோம்.

பல்கலைக்கழக மானியக் குழுவுக்காக (யு.ஜி.சி.) தேசியத் தேர்வு முகமை (என்.டி.ஏ.) நடத்தும் தகுதித் தேர்வே நெட். பொதுவாக ஜூன், டிசம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு சுற்றுகள். முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், ஓ.பி.சி. உள்ளிட்ட இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50 போதும். எம்.ஏ. இறுதியாண்டில் இருக்கும்போதே எழுதலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பட்டம் கையில் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் குறைந்தது ஒரு வாய்ப்பு வீணாகிறது.

ஒரே தேர்வில் மூன்று பலன்கள் உண்டு. உதவிப் பேராசிரியர் பணிக்கான தகுதி முதலாவது. முனைவர் பட்ட ஆய்வில் சேரும் தகுதி இரண்டாவது. 2024 முதல் பிஎச்.டி. சேர்க்கைக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் கணக்கிடும் முறை வந்துள்ளது. மூன்றாவது ஜே.ஆர்.எஃப். எனப்படும் ஆய்வு உதவித்தொகை. 2023 ஜனவரி முதல் இது முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி.

சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கு 2009 முதல் வழங்கப்பட்ட மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையை 2022-23 முதல் புதிதாக யாருக்கும் தருவதில்லை என்று ஒன்றிய அரசு முடிவு செய்துவிட்டது. அதை நம்பி ஆய்வுக்குப் போகலாம் என்றிருந்த நம் பிள்ளைகளுக்கு அது பெரிய அடி. இன்று வீட்டுக்குப் பாரமில்லாமல் ஐந்து ஆண்டு ஆய்வு செய்ய ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு உள்ள முக்கியமான வழி ஜே.ஆர்.எஃப்.தான். ஆகவே 'பாஸ் ஆனால் போதும்' என்று படிப்பதற்கும் ஜே.ஆர்.எஃப். வாங்கும் எண்ணத்தோடு படிப்பதற்கும் வேறுபாடு மிக அதிகம்.

தேர்வு மூன்று மணி நேரம், கணினியில். முதல் தாள் எல்லாப் பாடத்தாருக்கும் பொது. 50 கேள்வி, 100 மதிப்பெண். இரண்டாம் தாள் ஆங்கிலம்; 100 கேள்வி, 200 மதிப்பெண். நடுவே இடைவேளை கிடையாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பும் கிடையாது. எனவே 150 கேள்விகளில் ஒன்றைக்கூடத் தொடாமல் விட்டு வருவது தன் பணத்தைத் தானே கீழே போடுவது போன்றது. பொதுப்பிரிவினர் 40 விழுக்காடும் மற்றவர் 35 விழுக்காடும் எடுக்க வேண்டும் என்ற வரம்பு பெயரளவில்தான். இரண்டு தாளையும் எழுதியவர்களின் எண்ணிக்கையில் 6 விழுக்காட்டுக்குச் சமமானவர்களே உதவிப் பேராசிரியர் தகுதி பெறுகிறார்கள். உண்மையான போட்டி அங்கேதான்.

ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளே முதல் முறை ஏன் தவறுகிறார்கள்? கல்லூரித் தேர்வில் ஒரு நாடகத்தைப் பற்றி ஐந்து பக்கம் எழுதத் தெரிந்தால் போதும். இங்கே அது கைகொடுக்காது. நான்கு நூல்களைக் கொடுத்து, வெளிவந்த கால வரிசையில் அடுக்கச் சொல்வார்கள். ஆசிரியரையும் கருத்தையும் பொருத்தச் சொல்வார்கள். கூற்று, காரணம் இரண்டும் சரியா என்று கேட்பார்கள். ஐந்து வாக்கியம் கொடுத்து எவை மட்டும் சரி என்பார்கள். ஆழமாக நான்கு நூல் படித்தவரை விட, நானூறு நூல்களின் இடமும் காலமும் அறிந்தவருக்கே இது எளிது. இலக்கியத்தை இப்படிச் சோதிப்பது சரியா என்று கேட்டால், நமக்கும் அதில் உடன்பாடில்லை. ஆனால் வாசல் இப்படித்தான் இருக்கிறது.

எனவே முதல் வேலை ஒரு காலவரிசை நோட்டு. 1557-இல் டாட்டல் தொகுத்த கவிதை நூல், 1623-இல் ஷேக்ஸ்பியரின் முதல் பெருந்தொகுப்பு, 1667-இல் மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்', 1719-இல் 'ராபின்சன் குரூசோ', 1798-இல் 'லிரிகல் பேலட்ஸ்' என்று தூண்களை முதலில் நட வேண்டும். மற்ற நூல்களை அந்தத் தூண்களுக்கு முன், பின் என்று நிறுத்தினால் நினைவில் நிற்கும். எலிசபெத் காலம் 1603-இல் முடிகிறது, மன்னராட்சி 1660-இல் மீள்கிறது என்பது போன்ற அரசியல் எல்லைகளும் அதே பக்கத்தில் இருக்கட்டும். தங்கை மகள் இதைச் சமையலறைச் சுவரில் நீளமான காகிதத்தில் ஒட்டி வைத்தாள். எழுத்து வாசனை அதிகம் இல்லாத அவளுடைய பாட்டியே சில ஆண்டுகளைச் சொல்லும் நிலை வந்துவிட்டது!

இரண்டாம் தாளின் பாடத்திட்டம் பத்து அலகுகள். நாடகம், கவிதை, புதினமும் சிறுகதையும், உரைநடை ஆகிய நான்கும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எல்லா நாட்டு இலக்கியத்தையும் தழுவியவை. இங்கிலாந்தை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர் இங்கேதான் வழுக்குகிறார். முல்க் ராஜ் ஆனந்தின் 'அன்டச்சபிள்', ஆர்.கே. நாராயணின் 'சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்' இரண்டும் 1935. ராஜா ராவின் 'காந்தபுரா' 1938. இந்த வரிசை பிறழக்கூடாது. நம் பிள்ளைகள் அறிய வேண்டிய பெயர்களும் இதில் உண்டு. இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூல் 1794-இல் வந்த தீன் மஹோமெத்தின் பயண நூல். ரொக்கையா சகாவத் ஹுசைனின் 'சுல்தானாஸ் டிரீம்' 1905-இல் வெளிவந்தது நம் சென்னையிலிருந்து நடந்த ஒரு பெண்கள் ஆங்கில இதழில்தான். அஹ்மத் அலியின் 'ட்வைலைட் இன் டெல்லி' 1940, அத்தியா ஹுசைனின் 'சன்லைட் ஆன் எ புரோக்கன் காலம்' 1961. நம் மனதைப் புண்படுத்திய எழுத்தாளர்களின் நூல்களும் பாடத்தில் வரும். "அதையும் படிக்கணுமா ஹஜ்ரத்?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கேள்வி கேட்பவர் உங்கள் சம்மதத்தைக் கேட்கவில்லை, நூலின் விவரத்தைக் கேட்கிறார்; அறிந்துகொண்டு விடையளியுங்கள் என்பதே நம் பதில்.

ஐந்தாவது அலகு மொழியியலும் ஆங்கிலம் கற்பித்தலும். ஒலியியல் பகுதியைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வோம். மக்தபில் தஜ்வீத் ஓதிய பிள்ளைக்கு மக்ரஜ் என்றால் தெரியும். எந்த எழுத்து உதட்டில் பிறக்கிறது, எது நாக்கின் நுனியில், எது தொண்டையில் என்று சிறு வயதிலேயே பழகியவர்கள். ஆங்கில ஒலியியலும் மெய்யொலிகளை அதே வழியில்தான் பிரிக்கிறது. பெயர்கள் மட்டும் புதியவை.

ஆறாவது அலகு இந்தியாவில் ஆங்கிலத்தின் வரலாறு. 1835-இல் மெக்காலேயின் குறிப்பு, 1854-இல் வுட்டின் அறிக்கை, 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் என்று இது அளவில் சிறியது. ஒரு வாரம் செலவிட்டால் மதிப்பெண் உறுதி. முதல் தாளின் உயர்கல்வி அலகுக்கும் இது உதவும்.

பண்பாட்டு ஆய்வு, திறனாய்வு, கோட்பாடு, ஆய்வு முறை ஆகிய கடைசி நான்கு அலகுகளில்தான் பெரும்பாலோர் திணறுகிறார்கள். பல கல்லூரிகளில் கோட்பாட்டைக் கடைசிப் பருவத்தில் அவசரமாக முடித்துவிடுவார்கள். பீட்டர் பாரியின் 'பிகினிங் தியரி'யை முதலில் வாசித்து, எம்.எச். ஏப்ரம்ஸின் கலைச்சொல் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்ல தொடக்கம். 1966-இல் தெரிதாவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் உரை, 1978-இல் எட்வர்ட் சயீதின் 'ஓரியண்டலிசம்', 1988-இல் ஸ்பிவாக்கின் கட்டுரை, 1994-இல் ஹோமி பாபாவின் 'தி லொகேஷன் ஆஃப் கல்ச்சர்' ஆகியவற்றில் யார் எதை மறுத்து எழுதினார், யார் எதை வளர்த்தார் என்ற தொடர்பைப் பிடித்துக்கொண்டால் மனப்பாடம் பாதியாகக் குறையும். ஆய்வு முறை அலகில் மேற்கோள் குறிப்பு எழுதும் எம்.எல்.ஏ. முறையைப் பழைய புத்தகத்தில் படிக்காதீர்கள். 2021-இல் ஒன்பதாம் பதிப்பு வந்துவிட்டது.

முதல் தாளை இலக்கிய மாணவர்கள் அலட்சியம் செய்வதை நாம் தொடர்ந்து பார்க்கிறோம். தங்கை மகளை முதல் முறை கவிழ்த்ததும் அதுதான். கற்பித்தல், ஆய்வு, தகவல் தொடர்பு, கணினி, சுற்றுச்சூழல், கணக்கு, புள்ளிவிவர அட்டவணை என்று பத்து அலகு. விகிதமும் சதவீதமும் பள்ளியோடு மறந்துபோனவர்கள் தினமும் பத்துக் கணக்குப் போட்டாக வேண்டும். தர்க்க அலகில் அரிஸ்டாட்டில் வழி வாக்கியப் பொருத்தங்களும் இந்தியத் தர்க்கத்தின் பிரமாணங்களும் வரும். இந்த முதல் பகுதி நாம் மதரஸாவில் ஓதிய மன்திக்கேதான். ஆலிம் பட்டத்தோடு எம்.ஏ.வும் முடித்த இளைஞர்கள் சிலர் இதில் முழு மதிப்பெண் வாங்கியதாகச் சொன்னபோது நமக்கு வியப்பில்லை. இந்தத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும், தமிழில் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பயிற்சி வகுப்புக்குப் பெரிய தொகை கட்டுமுன் பழைய வினாத்தாள்களை எடுத்துப் பாருங்கள். யு.ஜி.சி., என்.டி.ஏ. இணையதளங்களில் அவை இலவசம். யு.ஜி.சி.யின் 'இ-பிஜி பாடசாலா'வில் ஆங்கில முதுகலைப் பாடங்களும் இலவசமாக உள்ளன. பத்து வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதி, தவறிய ஒவ்வொரு கேள்வியையும் எந்த அலகு என்று குறித்து வந்தால், எதைப் படிக்க வேண்டும் என்று வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இனிப் பெற்றோர்களிடம் பேச வேண்டியது. "ஒரு தடவை எழுதிப் பார்க்கட்டும், கிடைக்கலேன்னா கல்யாணத்தைப் பார்ப்போம்" என்ற பேச்சை நாம் பல வீடுகளில் கேட்கிறோம். இந்தத் தேர்வை முதல் முறையில் முடிப்பவர் குறைவு. தினமும் மூன்று மணி நேரம் வீதம் ஓர் ஆண்டு, குறைந்தது மூன்று முயற்சி என்று கணக்கு வைத்துத் தொடங்க வேண்டும். திருமணம் நடந்தால் வாசல் அடைபட்டுவிடுகிறது என்பதும் இல்லை. ஜே.ஆர்.எஃப்.க்குப் பொதுவான வயது வரம்பு 30; பெண்களுக்கும் ஓ.பி.சி. பிரிவினருக்கும் 35 வரை தளர்வு உண்டு. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பே இல்லை. எனவே நிக்காஹ் பேசும்போதே, படிப்பைத் தொடர்வாள் என்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. தங்கை மகள் மூன்றாம் முறை தேர்வானபோது கைக்குழந்தையோடு இருந்தாள். தேர்வு நேரம் முழுக்க மையத்துக்கு வெளியே குழந்தையை வைத்திருந்தது அவளுடைய மாமியார்.

2024-இல் நடந்ததையும் மறக்க முடியாது. ஜூன் 18 அன்று எழுதிய தேர்வு மறுநாளே ரத்தானது. ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் தொடக்கம் வரை மறுபடி நடத்தினார்கள். அந்த இரண்டு மாதத்தில் மனம் சோர்ந்து படிப்பை விட்டவர்களை நாம் அறிவோம். அப்படி ஒரு நிலை வந்தால் பிள்ளையைத் திட்டாமல் இருப்பதே வீட்டார் செய்யக்கூடிய உதவி.

சான்றிதழ் விஷயத்தில் கவனம் மிக அவசியம். தமிழ்நாட்டு அரசு தரும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் (பி.சி.எம்.) சான்றிதழ் இங்கே செல்லாது. ஒன்றிய அரசின் படிவத்தில், கிரீமி லேயரில் வராதவர் என்ற ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் பிரிவினர் ஒன்றிய அரசின் பட்டியலில் உள்ளனர். மற்றவர்கள் தங்கள் பிரிவு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் என்றதும் "எங்களுக்குக் கிடைக்காது" என்று ஒதுங்குகிறவர்கள் உண்டு. பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது என்பதை அவர்கள் அறியவில்லை. சான்றிதழ் நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக இருக்கட்டும். தாலுகா அலுவலகத்தில் நாள் பிடிக்கும். அறிவிப்பு வந்தபின் ஓடாமல் ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், விண்ணப்பம் மூன்றிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பாத்திமா, ஃபாத்திமா, முஹம்மது, முகமது என்று நம் பெயர்களில் வரும் குழப்பம் சரிபார்ப்பின்போது பெரும் தொல்லையாகிவிடும்.

மாநில அளவிலான செட் தேர்வுக்கும் ஏறத்தாழ இதே தயாரிப்பு போதும். அதன் தகுதி தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு மட்டுமே என்பதுதான் வேறுபாடு.

தேர்வு நாளில் பர்தா அணிந்து செல்லும் சகோதரிகள் குறித்த நேரத்துக்கு வெகு முன்னதாகவே மையத்துக்குப் போய்விடுங்கள். சோதனைக்குப் பெண் பணியாளரைக் கேட்பது உங்கள் உரிமை, பணிவாகக் கேளுங்கள். தலைத்துணியில் குண்டூசி, உலோகப் பின் எதுவும் வேண்டாம், கருவி ஒலித்தால் அங்கே நேரம் போகும். தேர்வு முடிந்து தற்காலிக விடைக்குறிப்பு வெளிவரும்போது உங்கள் விடைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முகமையின் விடை தவறென்று நூல் ஆதாரம் காட்ட முடிந்தால் கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஓரிரு கேள்வியில் தகுதி தவறுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் உண்டு. அந்தச் சில நாட்களைத் தவறவிட்டால் பிறகு கேட்க வழியில்லை.