எட்டு நாற்காலிக் கடை



டோக்கியோவில் மகன் எடுத்த படத்தைப் போன வாரம் இங்கே போட்டாலும் போட்டேன், போன் மேல் போன். "டீச்சர், உங்களுக்குப் பின்னால் அடுக்கியிருப்பது எல்லாம் பாட்டிலா?" என்று கேட்டான் ஒருத்தன். கம்பத்து மதினி "இந்த வயசுல இது தேவையா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆமாம் கண்ணுகளா, அது பார்தான். நான் குடித்தது திராட்சைச் சாறும் சோடாவும். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் ஒரு கேள்வி மனதில் புகுந்துகொண்டது. குடிக்கிற இடம் அங்கே ஏன் அப்படி இருக்கிறது, நம்ம ஊரில் ஏன் இப்படி இருக்கிறது? ஊர் திரும்பியதும் படித்துப் பார்த்ததை எழுதுகிறேன். சற்று நீளம்தான். நாலாம் வகுப்பில் என்னிடம் உட்கார்ந்தவர்களுக்கு இது பழக்கம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கின்ஸா என்ற கடைவீதிப் பகுதியில், ஒரு கட்டடத்தின் தரைக்குக் கீழே உள்ள தளம். எட்டே நாற்காலி. ஒரே மரத்தில் இழைத்த நீளப் பலகை. அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெரியவர், இந்தப் பக்கம் நாங்கள். உட்கார்ந்ததும் கை துடைக்கச் சூடான ஈரத்துண்டு. அடுத்து, கேட்காமலே ஒரு சிறு தட்டில் கொறிக்க ஏதோ வரும். இனாம் என்று நினைக்காதீர்கள், பில்லில் அதற்கும் காசு உண்டு. பெரிய ஐஸ் கட்டியைக் கையில் வைத்துக் கத்தியால் செதுக்கி, டம்ளருக்குள் சரியாக உட்காரும் உருண்டையாக்கினார் அவர். வெண்ணெயில் உலர்திராட்சையைப் பதித்து, வில்லை வில்லையாக வெட்டிய ஒரு பண்டம் அங்கே பிரபலம். திராட்சை ஊர்க்காரி ஆச்சே, அதை இரண்டு முறை வாங்கினேன்.

எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் தனியாக வந்து உட்கார்ந்தார். ஒரு கிளாஸ், இரண்டு சிறு தட்டு, கையில் ஒரு புத்தகம். முடித்ததும் காசு கொடுத்து, தலை வணங்கி, போய்விட்டார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும்தான் பார்த்தேன்.

இதன் வேர் எடோ காலத்தில் இருக்கிறது. டோக்கியோவின் பழைய பெயர் எடோ. அங்கே அரிசி மதுவான சாகே விற்கிற கடைகளில், வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்து குடிக்கும் வழக்கம் வந்தது. அப்படிப்பட்ட கடைக்கு 'இசகாயா' என்று பெயர். உட்காரும் மதுக்கடை என்றே அர்த்தம். 1596-ல் தொடங்கிய தோஷிமாயா என்ற கடை, டோஃபுவைப் பெரிய துண்டாக வெட்டி, சுட்டு, மிசோ தடவி மலிவாகக் கொடுத்துப் பேர் வாங்கியது. கூலிவேலை செய்கிறவர்கள் அதற்காகவே வந்தார்கள். குடியோடு சாப்பாடும் சேர்ந்தே வளர்ந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

மேல்நாட்டுக் கலவை மது, அதாவது காக்டெய்ல், யோகோஹாமா துறைமுகம் வழியாக வந்தது. 1859-ல் அந்தத் துறைமுகம் வெளிநாட்டாருக்குத் திறக்கப்பட்டது. 1890-ஐ ஒட்டி அங்கே கிராண்ட் ஹோட்டலுக்கு சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த லூயி எப்பிங்கர் என்ற ஜெர்மானியர் 'பாம்பூ' என்ற கலவையைப் பிரபலப்படுத்தினார். ஐஸ் இல்லாமல் இந்தத் தொழிலே இல்லை. முதலில் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்தது, விலை தாங்கவில்லை. பிறகு நகாகவா கஹெய் என்பவர் வடக்கே ஹகோடாடே கோட்டை அகழியில் உறைந்த ஐஸை வெட்டிக் கொண்டுவந்து விற்றார்.

அதே பாஸ்டன் ஐஸ் நமக்கும் வந்தது. மெரினா கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் பார்த்திருப்பீர்கள், ஐந்தாம் வகுப்புச் சுற்றுலாவில் நானே கூட்டிப்போனேன். 1842-ல் அந்த ஐஸைச் சேமிக்கக் கட்டியதுதான் அது, ஐஸ் ஹவுஸ். காக்டெய்லும் நமக்குப் புதிதல்ல. 'பஞ்ச்' என்று ஆங்கிலேயர் சொல்லும் கலவை, நம் 'பஞ்ச' என்ற ஐந்திலிருந்து வந்த பெயர் என்பார்கள். சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா. 1632-லேயே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஒருவர் இந்தியாவிலிருந்து எழுதிய கடிதத்தில் அந்தச் சொல் இருக்கிறது. ஆக, ஐஸும் வந்தது, கலவையும் இருந்தது. வேறுபாடு வேறெங்கோ ஏற்பட்டிருக்கிறது.

1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்தில் டோக்கியோ எரிந்தது. மறுபடி எழுந்த கின்ஸாவில் சின்னச் சின்ன பார்கள் முளைத்தன. 1928-ல் தொடங்கிய 'லூபின்' இன்றும் நடக்கிறது. போர் வந்து பலவற்றை மூடியது. போருக்குப் பின் 1950-களில் மலிவு விஸ்கியும் சோடாவும் கொடுக்கும் பார்கள் பெருகின. இன்னொன்றும் உண்டு. அங்கே பார் வைக்க உணவகத்துக்கான அதே அனுமதியைச் சுகாதார அலுவலகத்தில் வாங்க வேண்டும். சட்டத்தின் பார்வையில் அது ஒரு சாப்பாட்டுக்கடை.

நம்ம பக்கம் இது எந்தத் துறையின் கீழ் வருகிறது தெரியுமா? மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. ஒரே பெயர்ப்பலகையில் தடையும் வரியும்! இதற்கும் ஒரு நீண்ட கதை உண்டு.

1886-ல் சென்னை ஆப்காரிச் சட்டம் வந்தது. கள்ளும் சாராயமும் சர்க்காருக்குப் பெரிய வருமானம். ராஜாஜி 1937 அக்டோபர் 1-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது அந்த வருமானம் போகும் என்று தெரிந்தேதான் கொண்டுவந்தார். ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரி வந்தது. நீங்கள் கடையில் கட்டும் வரிக்கு அதுதான் முன்னோடி. 1948-ல் ஓமந்தூரார் காலத்தில் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-ல் விலக்கினார்கள். 1973, 1974-ல் கள்ளையும் சாராயத்தையும் மறுபடி மூடினார்கள். 1981-ல் திறந்தார்கள். 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 1987-ல் கள்ளும் சாராயமும் மறுபடி போயின. 2003 இறுதியில் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. 2023-24-ல் அதன் வழியாக அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

இத்தனை திறப்பிலும் மூடலிலும் நிரந்தரமாகப் போனது கள்ளுக்கடை. 81-க்குப் பிறகு கொஞ்ச வருடம் நம்ம பக்கம் இருந்தது. வாசலில் அவித்த மொச்சை, சுண்டல், கருவாடு, ஈரல் வறுவல் விற்கிற அம்மாக்கள் இருப்பார்கள். மண் தரைதான், ஆனாலும் உட்கார்ந்து, தின்று, பேசிக் குடித்தார்கள். அங்கேயும் சண்டை நடந்தது, வீட்டில் அடி விழுந்தது, மறைக்கவில்லை. ஆனால் அது ஒரு இடமாக இருந்தது. கம்பத்திலிருந்து குமுளி மலையேறினால் கேரளத்தில் இன்றும் பார்க்கலாம். கப்பையும் மீன் கறியும் தின்பதற்காகக் குடும்பத்தோடு கள்ளுக்கடைக்குப் போகிறார்கள்.

நமக்கு மிஞ்சியது கம்பி வலைக்குப் பின்னால் ஒரு கை. காசைக் கொடு, பாட்டிலை எடு, நகரு. பக்கத்துச் சந்தில் நின்றபடியே, பிளாஸ்டிக் டம்ளரில், வெறும் வயிற்றில், ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை. உட்கார இடமில்லை, முகம் பார்த்துப் பேச ஆளில்லை. ஒளிந்து குடிக்கிறவனுக்கு அளவு என்று ஒன்று இருக்காது.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சில்லறைக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். பேனா விலை, நோட்டு விலை எதற்கும் வாய் திறக்காத ஒரு பையன், "குவார்ட்டருக்கும் தண்ணி பாக்கெட்டுக்கும் போக மீதி எவ்வளவுன்னு கேளுங்க டீச்சர், சொல்றேன்" என்றான். சரியாகவும் சொன்னான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவுக்கு டம்ளரும் தண்ணீரும் வாங்கிக் கொடுத்துப் பழகிய பிள்ளை. அந்த அப்பா நாற்பதைத் தாண்டவில்லை. அதனால் மதுவிலக்கு கேட்டுத் தெருவில் நிற்கும் பெண்களை யாராவது கேலி செய்தால் எனக்குக் கோபம் வரும்.

அதற்காக ஜப்பானைக் கோயில் ஆக்கவும் மாட்டேன். கடைசி ரயில் நேரத்தில் நடைமேடையில் டை கட்டியபடியே சுருண்டு கிடப்பவர்களையும் பார்த்தேன். அந்த அரசும் மது வரியில் வளர்ந்ததுதான். 1899-ல் வீட்டில் சாகே காய்ச்சுவதையே தடை செய்தார்கள். அந்தச் சமயத்தில் நாட்டின் வரியிலேயே பெரிய பங்கு மது வரி. வரி வாங்கினார்கள், ஆனால் கடையைச் சாப்பாட்டுக்கடையாகவே இருக்க விட்டார்கள். நான் கண்ட வித்தியாசம் அதுதான்.

இனி திராட்சைக் கதை. எனக்குக் கொடுத்த சாறு 'கியோஹோ' என்ற கருந்திராட்சை. கோலிக்குண்டைவிடப் பெரிது, தோல் கழன்று வரும், வாசனை நம்ம பன்னீர் திராட்சையை ஞாபகப்படுத்தியது. அது ஒட்டு ரகம், 1937-ல் உருவானது. ஆம், சேலத்தில் மதுவிலக்கு வந்த அதே வருடம். கடைகளில் ஒரு கொத்தைப் பெட்டியில் வைத்துப் பரிசுப் பொருள் மாதிரி விற்கிறார்கள். நம்ம கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுப்பு நடக்கும் மண் இது.

மகன் சொன்ன இன்னொரு சங்கதி என்னைத் தூங்கவிடவில்லை. சாகே காய்ச்சும் குடும்பத்தில் பிறந்த மசடகா டகெட்சுரு என்பவர் 1918-ல் ஸ்காட்லாந்து போய் விஸ்கி செய்யக் கற்றுவந்தார். 1934-ல் வடக்கே யோய்ச்சி என்ற ஊரில் சொந்தக் கம்பெனி தொடங்கினார். விஸ்கி பீப்பாயில் கிடந்து முதிர வருடங்கள் ஆகும், அதுவரை சோற்றுக்கு என்ன செய்வது? யோய்ச்சி ஆப்பிள் விளையும் ஊர். ஆப்பிள் சாறு பிழிந்து விற்றார். கம்பெனிப் பெயரே 'பெரும் ஜப்பான் பழச்சாறு'. முதல் விஸ்கி 1940-ல்தான் வெளியே வந்தது. இன்று உலகம் அறிந்த 'நிக்கா' என்ற பெயர் அந்தக் கம்பெனிப் பெயரின் சுருக்கம்.

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டிப் பிள்ளைகள் யார் யார் இன்னும் பந்தல் வைத்திருக்கிறீர்கள்? இந்த வாரம் தோட்டத்தில் கிலோ என்ன விலைக்கு எடுக்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள். யோய்ச்சியில் ஆப்பிளுக்கு அந்தக் காலத்தில் எப்படி விலை பேசினார்கள் என்று மகனிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

மதினி, நீங்கள் மட்டும் போன் எடுங்கள்.